இருபத்தொன்பதுக்கும் முப்பத்துமூன்றுக்கும் நடுவே

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான்தான். உறையின் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கோழி கிளறின மாதிரி என்று நீங்கள் சொல்லும் அதே கையெழுத்து. பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே அண்ணன் இருக்கிறான்.

பதினாறு மாதமாகப் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று சைக்கிள் பட்டறை மேஜையில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தேன். தாளில் கிரீஸ் பட்டிருந்தால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். அண்ணன் இந்தச் சமவெளி முழுக்க ஓட்டி ஓட்டி நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்தானே, சைக்கிள் வழிகள், அவற்றை எங்கள் சைக்கிள் சங்கம் புத்தகமாகப் போட விரும்புகிறது. சங்கத்துச் செயலாளர் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் முன்பே கொடுத்து வைத்திருந்த நகல்களை எல்லாம் அவரே தட்டச்சு செய்திருக்கிறார். இப்போது ஊருக்கு ஊர் தடிமனான டயர் போட்ட சரளைப் பாதை சைக்கிளோடு ஆட்கள் வருகிறார்கள். கால்வாய்க் கரை எது, சரணாலயத்துக்குள் எங்கே ஓட்டலாம், எங்கே தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று யாருக்கும் தெரிவதில்லை. பாதிப் பேர் சேற்றில் மாட்டிக்கொண்டு என் பட்டறைக்குத்தான் வருகிறார்கள்.

மொத்தம் ஒன்பது வழிகள். எட்டு அவனே முடித்து வைத்தது. ஏழாவது வழியை அன்றைக்குத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அதனால் அதை மட்டும் நான் ஞாபகத்திலிருந்து எழுதினேன். நோட்டுகள் உங்களுடையவை. உங்கள் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. அதோடு, பள்ளிப் புத்தகங்களுக்கும் வரைபடப் புத்தகங்களுக்கும் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர் நீங்கள். "அவ கண்ணுல படாம நான் ஒரு வரி வெளிய விட்டேன்னு வை, எனக்கு வீட்டுக்குள்ள இடமில்லடா பஞ்சர்" என்பான் அண்ணன். ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

என்றும் உங்கள்,
தம்பி


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் தட்டச்சுப் பிரதியும் கிடைத்தன. கிரீஸ் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது.

உங்கள் அண்ணன் முடித்துவைத்த எட்டு வழிகளும் பெரும்பாலும் அவர் எழுதியபடியே இருக்கின்றன. தட்டச்சு செய்தவர் கவனமானவர். எட்டுக்கும் சேர்த்துப் பதினான்கு திருத்தங்கள்தான். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். மூன்றாம் வழியில் ‘இங்கே சரளைக்குப் பல் ஆடுகிறது, நிதானம்’ என்று அவர் எழுதியதைச் செயலாளர் ‘சரளை உறுதியாக இல்லை’ என்று மாற்றியிருக்கிறார். பழையபடி வைக்கச் சொல்லுங்கள். நாற்பது வருடம் பிறர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்த பல் டாக்டர், பாதையையும் அப்படித்தான் பார்ப்பார்.

இனி நீங்கள் எழுதிய ஏழாம் வழி.

‘கொஞ்ச தூரம் போனால் ஒரு மரம்’ என்கிறீர்கள். கொஞ்சம் என்பது எவ்வளவு? என்ன மரம்? அந்தக் கரையில் மரங்கள் வரிசையாக நிற்பது எனக்கே தெரியும். ‘எதிர்காற்று அடித்தால் பாடு திண்டாட்டம்’ என்பது புலம்பல், தகவல் அல்ல. எந்த மாதங்களில், எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று எழுதுங்கள். 18.2 கிலோமீட்டரில் ‘மதகு வீட்டு அம்மா தேநீர் தருவார்’ என்று இருக்கிறது. அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. புத்தகத்தை நம்பி வருகிறவர்கள் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். பெரிய பிழை ஒன்று இருக்கிறது. 29.4-இல் சரணாலயத்தின் மரக்கதவு. அடுத்த வரியே 33.0, இரண்டாம் மதகுப் பாலம். நடுவில் மூன்று கிலோமீட்டரும் அறுநூறு மீட்டரும் எங்கே போயின? மற்ற இடங்களில் குழிக்குக் குழி எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 3.6 கிலோமீட்டரை எழுதி அனுப்புங்கள். அது வரும்வரை என் கையெழுத்து வராது.

என் உடம்பு நலம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)


பிப்ரவரி 23

அண்ணி,

‘தம்பி அவர்களுக்கு.’ ‘நீங்கள்.’ நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. இதற்கு நேரில் கூப்பிட்டு ஒரு அறை விட்டிருக்கலாம். நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பின்னால் யாராவது மரியாதைப்பட்ட ஆள் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் இணைத்திருக்கிறேன். மரம்: 6.1 கிலோமீட்டரில், இடி விழுந்து பாதி கருகியது, வேறு எதுவும் அப்படி இல்லை. காற்று: பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, மேற்கிலிருந்து. மதகு வீட்டு அம்மாவை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனசு கேட்கவில்லை. அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அலுமினியத் தம்ளரின் சூடு விரல் நுனியில் வந்துவிடுகிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, கல்யாணம் ஆன மறுமாதம் நாம் மூன்று பேரும் அந்த வழியில் போனது? உங்களிடம் முன்னால் கூடை வைத்த நீலச் சைக்கிள். கூடையில் வரைபடப் புத்தகம். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி, பாலம் படத்தில் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். திரும்பும்போது எதிர்காற்று. மேடே இல்லாத பூமியில் காற்றுதான் மேடு என்று அண்ணன் சொன்னது அன்றைக்குத்தான். நீங்கள் பின்தங்கியதும் அவன் தன் சீட்டுக் கம்பியிலிருந்து உங்கள் ஹேண்டில்பார் வரைக்கும் ஒரு கயிறு கட்டினான். கொஞ்ச தூரம் போனதும் சத்தம் போடாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவன் பின்னாலேயே உங்கள் பலத்தில் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். அவன் இரண்டு கிலோமீட்டர், தான் உங்களை இழுப்பதாக நினைத்து முக்கி முக்கி மிதித்தான். "என்ன கனம்டா இவ!" என்று என்னிடம் கண் காட்டினான். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் கரைச்சரிவில் இறங்கி விழுந்தேன்.

அந்த 3.6 கிலோமீட்டரில் எழுத ஒன்றுமில்லை அண்ணி. நேர்ப்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாணல். அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 3

தம்பி அவர்களுக்கு,

சைக்கிள் நீலம் அல்ல, பச்சை. கயிற்றை அவிழ்த்த பிறகு அவர் இழுத்தது இரண்டு கிலோமீட்டர் அல்ல, ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. மதகு வீட்டில் தேநீர் குடிக்க இறங்கியபோதுதான் பார்த்தார். கயிறு மண்ணில் இழுபட்டு வால் மாதிரி கிடந்தது. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை நேரம் நான் எதைத்தான் இழுத்துட்டு வந்தேன்?" என்று கேட்டார். மதகு வீட்டு அம்மா சிரித்த சிரிப்பில் தேநீர் பாதி கீழே போயிற்று. நீங்கள் விழுந்தது மட்டும் சரி. முழங்கையில் நான்தான் மருந்து போட்டேன்.

வேலையில் சேர்ந்த பிறகு நான் சைக்கிளை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இருவரும் போவீர்கள், நான் வீட்டில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அவர் கூடத்தில் சேற்றுத் தடத்தோடு நிற்பார். நான் அந்தத் தடத்தைப் பார்ப்பேன். அவர் நான் பார்ப்பதைப் பார்ப்பார். பிறகு துணியை எடுத்துத் தாமே துடைப்பார். துடைத்துக்கொண்டே அன்று போன வழியைச் சொல்வார். எந்த மதகில் தண்ணீர் எவ்வளவு, எந்த இடத்தில் நாரை நின்றது, எங்கே புதிதாகச் சரளை கொட்டியிருக்கிறார்கள். தரை காய்வதற்குள் வழி முடிந்துவிடும். எனக்கு அந்த வழிகள் எல்லாம் ஈரத்தரையில்தான் தெரியும்.

அதனால், ‘எழுத ஒன்றுமில்லை’ என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒன்றுமில்லாத அந்த இடத்தில்தான் அவர் இறந்தார்.

நீங்கள் எனக்குச் சொன்னது இது: பாலத்துக்குப் பக்கத்தில், இருவரும் அடுத்தடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கண்ணெதிரே, ஒரு நொடியில். வலி இல்லை. அந்தச் சொற்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அப்படியானால் மரக்கதவிலிருந்து பாலம் வரை நீங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டியிருக்கிறீர்கள். கடைசியாக அவரோடு ஓட்டிய வழியை உங்களால் எழுத முடியாதா?

தொலைபேசியில் கேட்டால் நீங்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். தாளில் எழுதியது எழுதிய இடத்தில் நிற்கும். அதனால்தான் நான் தொலைபேசியை எடுப்பதில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)


மார்ச் 20

அண்ணி,

பச்சைதான். சரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு நான் அந்த மரக்கதவைத் தாண்டவே இல்லை. உங்கள் கடிதம் வந்ததும், போன ஞாயிறு கிளம்பினேன். ஸ்டேஷன் கடிகாரத்தடியில் சைக்கிளின் தூர மீட்டரைப் பூஜ்யமாக்கினேன், அண்ணன் செய்வது போலவே. காற்று முதுகில் இருந்தது. இருபத்தொன்பது கிலோமீட்டர் தெரியவே இல்லை. கதவுக்கு முன்னால் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அங்கே தொங்கும் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நாயைக் கட்டிக் கூட்டி வரவும். பறவைகள் முட்டையிடும் காலத்தில் சத்தம் போட வேண்டாம். பத்துத் தடவை படித்திருப்பேன். சரணாலயக் காவலர் வந்தார். "என்ன சார், கதவு திறந்துதானே இருக்கு?" என்றார். "டயர்ல காத்துக் கம்மி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சைக்கிள் கடைக்காரன் சொல்கிற பொய்யா அது? அந்த ஆளே என் டயரை அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது.

திரும்பி வர மூன்று மணி நேரம். முழுக்க எதிர்காற்று.

செயலாளரிடம் பேசினேன். ஏழாம் வழியை விட்டுவிட்டு, எட்டு வழிகளோடு புத்தகம் போடலாம் என்கிறார். மே மாதக் கடைசிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். எட்டே போதும் அண்ணி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தம்பி


மார்ச் 26

தம்பி அவர்களுக்கு,

எட்டு என்றால் கையெழுத்து இல்லை.

ஐந்தாம் வழியில் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் முந்நூறு மீட்டர் பாதை இருக்கிறது. முதல் தடவை போனபோது வெள்ளம் நின்றதால் அவர் சுற்றிக்கொண்டு வந்தார். யாருக்கும் தெரிந்திருக்காது. முந்நூறு மீட்டர்தானே, பார்த்த மாதிரி எழுதிவிடுங்கள் என்று நானே சொன்னேன். மறு ஞாயிறு மழையில் ரயிலேறிப் போய் அந்த முந்நூறு மீட்டரை ஓட்டிவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினார். "வாயத் திறந்து பாக்காம பல்லு நல்லாருக்குன்னு எழுதித் தர முடியுமா?" என்றார். இரண்டு நாள் காய்ச்சல்.

அப்படிப்பட்டவருடைய புத்தகத்தில் ஒரு வழியையே விட்டுவிட்டு, ஒன்பதை எட்டு என்று எண் மாற்றிப் போட நான் உடன்பட மாட்டேன்.

ஓட்ட முடியாவிட்டால் ஓட்ட வேண்டாம். அன்று ஓட்டியதை எழுதுங்கள். புத்தகத்துக்காக அல்ல. எனக்கு.

(கையொப்பம்)


ஏப்ரல் 10

அண்ணி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்பப் போகிறேன். கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் படியுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் எங்களுக்குள் இருந்தது. மரக்கதவிலிருந்து பாலம் வரைக்கும் பந்தயம். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து. நேர்ப்பாதை, ஆள் நடமாட்டம் இல்லை, அதனால். நீங்கள் ஆளுக்கு இரண்டு முட்டை வேகவைத்து, உப்பு மடித்துக் கொடுத்துவிடுவீர்களே, தோற்றவன் முட்டை ஜெயித்தவனுக்கு. முட்டைகளை முன்னால் போகிறவன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் சட்டம். ஐம்பது வயது வரைக்கும் அவன்தான் ஜெயிப்பான். அப்புறம் நான்.

அன்றைக்குக் கதவைத் தாண்டியதும், "இன்னைக்கு வேணாம்டா" என்றான்.

"ஏன், பல்லு புடுங்குற கைக்கு ஹேண்டில்பார் புடிக்க முடியலையா?" என்றேன்.

"மெதுவாப் போலாம்டா பஞ்சர். பறவை பாக்கலாம்."

"தோத்தாச்சுன்னு ஒத்துக்கோ, முட்டையக் குடு, போலாம்" என்றேன்.

சிரித்தான். முட்டைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். "போ, தின்னு தொலை" என்றான். அண்ணி, அதுதான் அவன் பேசியது. நான் மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

பாலத்துக்குப் போய்க் கைப்பிடிச் சுவர் மேல் கால் நீட்டி உட்கார்ந்தேன். என் முட்டையைத் தின்றேன். அவன் முட்டையையும் தின்றேன். பறவை பார்க்கிறான் என்று நினைத்தேன். அப்புறம், வேண்டுமென்றே காக்க வைக்கிறான் என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது. கடிகாரத்தைப் பார்த்தபோது பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

திரும்பிப் போனேன். சைக்கிள் வேலியில் ஒழுங்காகச் சாய்ந்திருந்தது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. அவன் கரையில், தண்ணீரைப் பார்த்து, வேலிக் கம்பத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தான். கையுறை இரண்டையும் கழற்றி, ஆஸ்பத்திரியில் கழற்றுவானே, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி, அப்படிக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். "என்னடா, அம்போன்னு உக்காந்துட்ட?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினேன். கை சூடாகத்தான் இருந்தது. மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன், தெரிந்ததெல்லாம் செய்தேன். காவலரின் வண்டி வந்தது. அவனையும் சைக்கிளையும் அதில்தான் ஏற்றினோம்.

பாலத்துப் பக்கத்தில் இல்லை. என் கண்ணெதிரே இல்லை. ஒரு நொடியா, பத்து நிமிஷமா, எனக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே உங்களுக்குப் போன் செய்யும்போது, நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "நீ கூட இருந்தியா?" என்பதுதான். இருந்தேன் என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு இடத்தையும் அதற்கேற்றபடி நகர்த்திவிட்டேன்.

இதுதான் அந்த 3.6 கிலோமீட்டர்.

இனி நீங்கள் எனக்கு எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

தம்பி


மே 4

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கவில்லை. படித்தேன், மடித்தேன், மறுபடி படித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

எனக்குத் தெரியும். அவர் போன மறுவாரமே தெரியும்.

சைக்கிளை நீ கூடத்தில் நிறுத்திவிட்டுப் போனாய். டயரில் இருந்த மண்ணை நான் துடைக்கவில்லை. ஒரு நாள் அந்தச் சின்ன மீட்டரைத் தொட்டேன், விழித்துக்கொண்டது. அன்றைய ஓட்டம் 31.7 என்று காட்டியது. பாலம் 33.0. சக்கரம் உருளாமல் மீட்டர் நகராது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான். ஆக, அவர் பாலம்வரை வரவில்லை. வரவில்லை என்றால், நீ சொன்ன மற்றதும் நடக்கவில்லை.

மெய்ப்புப் பார்ப்பவள் பிழையைக் கண்டால் வட்டம் போட்டு ஓரத்தில் கேள்விக்குறி வைக்க வேண்டும். அதுதான் தொழில். நான் வைக்கவில்லை. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில், பொய் சொன்ன பெண்ணைத் தலைமைச் சகோதரி எதுவும் கேட்க மாட்டார். வராந்தாவில் நிற்க வைப்பார். அவளாக வந்து சொல்லும்வரை நிற்க வேண்டும். ஒரு பெண் மூன்று நாள் நின்றாள். அது நான்தான். அந்த மூன்று நாளை நான் இன்னும் மறக்கவில்லை. தெரிந்தே உன்னைப் பத்தொன்பது மாதம் நிற்க வைத்தேன். ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும், நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது கடமை, அதனால் சொல்கிறேன்.

நீ சொன்ன பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கேள்வியை அந்த நேரத்தில் கேட்டவள் நான். வேறு என்ன பதில் உன்னால் சொல்லியிருக்க முடியும்? அதை விட்டுவிடுகிறேன். பதினெட்டு நிமிடத்தை எப்படி விட்டுவிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முட்டையைத் தின்றுகொண்டிருந்தாய் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கடிதத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால், அது பார்க்காமல் எழுதியது ஆகும்.

அதனால் பார்க்க வருகிறேன். பதினெட்டாம் தேதி காலை ரயிலில். மரக்கதவு வரை வண்டிக்கு ஏற்பாடு செய். அங்கிருந்து நடந்து வருவேன். நீ உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வா, மீட்டரைச் சரியாக 29.4-இல் வைத்து. புத்தகத்துக்கு அளவு வேண்டும்.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

‘நீ’ என்று படித்தேன். பட்டறையில் ஒரு ஆள் டயர் மாற்ற உட்கார்ந்திருந்தார். "என்ன, கண்ணுல தூசியா?" என்றார். "பம்ப் அடிச்சா பறக்கும்" என்றேன்.

நடக்க 3.6 கிலோமீட்டர். உங்களுக்கு எழுபத்தொன்று. இதை நான் சொல்லவில்லை, சும்மா எண்ணை எழுதினேன். கித்தான் காலணி போட்டுக்கொண்டு வாருங்கள். சரளை புதிதாகக் கொட்டியிருப்பதாகக் காவலர் சொல்கிறார். மடக்கு நாற்காலி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்பீர்கள். எனக்காகக் கொண்டுவருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. இடத்தை நினைத்து இல்லை. அங்கே உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று.

ஸ்டேஷன் கடிகாரத்தடியில் நிற்பேன்.

தம்பி


மே 24

தம்பிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் முழங்கால் வலி, இப்போது இல்லை. மடக்கு நாற்காலியைப் பற்றி நான் சொன்ன வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

31.7-இல் நீ கம்பத்தைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றாய். நான் உன்னைப் பாலத்துக்குப் போகச் சொன்னேன். போய், அன்று உட்கார்ந்த மாதிரியே உட்கார், பதினெட்டு நிமிடம் கழித்து வா என்றேன். உன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் போனாய். அது கொடுமை என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பதினெட்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டியிருந்தது.

நாற்காலியில் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்த மாதிரி தரையில், கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் நான்கு நிமிடம் எதையும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். எதிரே தண்ணீர், அதில் நான்கு சிறகி வாத்துகள். நாணல் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. அது நல்ல இடம். இவ்வளவு நாள் நான் மனத்தில் வைத்திருந்த இடம் இதைவிட மோசமானது.

ஆறாம் நிமிடத்தில் தலையைத் திருப்பினேன். அங்கிருந்து பாலம் தெரிகிறது. உனக்கு இது தெரியாது, நீ எப்போதும் அந்த இடத்தை மிதித்துக் கடந்தவன். கரை கோடு போட்ட மாதிரி நேராகப் போய், கடைசியில் பாலம் வானத்தை ஒட்டி நிற்கிறது. அதன் மேல் உன் மஞ்சள் சட்டை, தீக்குச்சித் தலை அளவுக்கு. நீ சைக்கிளில் போட்டுக்கொள்ளும் அதே சட்டை, அன்றும் அதுதானே? நீ காலை நீட்டி உட்கார்ந்ததுகூட எனக்குத் தெரிந்தது. பாலத்திலிருந்து பார்த்தால், நாணலின் நிழலில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிவதில்லை. பிறகு நாம் பாலத்துக்குப் போனதும், அதன் மேல் நின்று நானே பார்த்தேன்.

உனக்கு ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். அளந்து பார்த்ததை எழுதுகிறேன். அவர் கண்ணுக்கு நீ தெரிந்துகொண்டே இருந்தாய். அவருடைய முட்டையை நீ தின்றதையும் அவர் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

நீ பதினோராம் நிமிடத்திலேயே திரும்பி வந்துவிட்டாய். மூச்சு வாங்க, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு. அறுபத்தேழு வயதில் அப்படி மிதிக்கக் கூடாது. "இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருக்கு" என்றேன். "அந்த ஏழு நிமிஷத்த நீங்களே வெச்சுக்கங்க அண்ணி, என்னால முடியல" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். அந்த ஏழு நிமிடத்தை நாம் இருவருமாக உட்கார்ந்துதான் முடித்தோம். அதன் பிறகு எனக்குக் கேட்க எதுவும் இல்லை.

கையெழுத்து இட்ட தாளை இணைத்திருக்கிறேன். ஏழாம் வழியின் விடுபட்ட பகுதி கீழே. செயலாளர் இதில் எதையும் மாற்ற வேண்டாம்.

29.4 சரணாலயத்தின் மரக்கதவு. பகலில் திறந்திருக்கும். சைக்கிளில் செல்லலாம், மணி அடிக்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டுச் செல்லவும்.

29.4–33.0 நேர்ப்பாதை. இடப்பக்கம் கால்வாய், வலப்பக்கம் வேலியும் அதன் பின் நாணலும். சரளை புதிது, இன்னும் படியவில்லை. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் கை அதிராது. வசந்த காலத்தில் கிழக்கே செல்பவர்களுக்குக் காற்று முதுகில் இருக்கும். வேகமாகப் போகத் தோன்றும்.

31.7 வேலியில் ஒரு கம்பம் மற்றவற்றைவிட அகலமானது. அதன் முன்னால் கரையில் உட்கார இடம் உண்டு. களைப்போ வலியோ இருந்தால் இங்கே கட்டாயம் நிற்கவும். இங்கிருந்து பாலம் நன்றாகத் தெரியும். பாலத்திலிருந்து இந்த இடம் தெரியாது. ஆகவே, முன்னால் போனவர்கள் பாலத்தில் காத்திருக்க வேண்டாம். திரும்பி வரவும்.

33.0 இரண்டாம் மதகுப் பாலம்.

அன்புடன்,
அண்ணி